இருபத்திரண்டு என்னும் கிழவர்

நதன்ஜு பிறந்த அன்று அவனுடைய தாத்தாவுக்கு எழுபது வயது நிறைந்தது. அதனால் குழந்தைக்கு எழுபது என்றே பெயர் வைத்தார்கள். சீனத்தை ஆண்ட மஞ்சுக்களின் மொழியில் நதன்ஜு என்றால் எழுபது. அவர்களுடைய படைக் கோட்டைக்குள் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. அடுத்த தெருவில் ஓர் அறுபத்தைந்து இருந்தான். கிணற்றடி வீட்டில் எண்பத்தொன்று என்று ஒருவன் கோழி வளர்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் தாத்தாக்களுக்குச் செய்த மரியாதை.

இதில் பின்னால் வந்த சிக்கலுக்குக் காரணம் மொழிதான். அடுப்படியிலும் சந்தையிலும் எல்லாரும் பேசியது சீனம். மஞ்சு மொழி படையின் பதிவேட்டில் மட்டும் குடியிருந்தது. அந்தப் பதிவேட்டை எழுதிய துக்தான், அவருடைய அப்பாவிடமிருந்து அந்த வேலையை வாங்கிக்கொண்டவர். அப்பா அவருக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார், அர்த்தத்தைச் சொல்லிக்கொடுப்பதற்குள் கண்ணை மூடிவிட்டார். காதில் விழுந்ததைப் பிழையில்லாமல் அழகாக எழுதுவார் துக்தான். என்ன எழுதினோம் என்பது அவருக்கே தெரியாது.

மஞ்சுக் கோட்டையில் ஆணாகப் பிறந்தவன் சிப்பாய் ஆகலாம், இல்லையென்றால் சும்மா இருக்கலாம். கடை வைக்கக் கூடாது, ஏர் பிடிக்கக் கூடாது. ஆனால் சிப்பாய் இடங்களை என்றைக்கோ எண்ணி வைத்துவிட்டார்கள். ஆட்கள் பெருகினார்கள், இடங்கள் பெருகவில்லை. ஒருவர் செத்தால்தான் இன்னொருவர் உள்ளே போகலாம். ஆகவே யாராவது ஒரு கிழச் சிப்பாய் தெருவில் இருமினால், அன்று மாலைக்குள் நாலு வீட்டு இளைஞர்கள் நலம் விசாரிக்க வந்துவிடுவார்கள்.

நதன்ஜு அப்படிப் போகிறவன் இல்லை. அவன் வடக்கு மதிலுக்குப் பின்னால் வைக்கோல் பொம்மை ஒன்றை நட்டு, நான்கு வருடம் விடாமல் அம்பு விட்டான். வில்லின் வலுவுக்கு எண் உண்டு. மற்ற இளைஞர்கள் மூன்றாம் எண் வில்லை வளைத்துவிட்டு ஆறு என்று சொல்லிக்கொண்டார்கள். இவன் ஆறாம் எண்ணையே காது வரை இழுப்பான். அம்மாவும் அவனும் மட்டும்தான் வீட்டில். அவனுக்கும் சிரென்தாய் என்பவரின் மகள் நியோரொனுக்கும் நிச்சயம் செய்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பதிவேட்டில் பேர் ஏறாமல் கல்யாணம் இல்லை என்பது சிரென்தாயின் ஒரே நிபந்தனை.

அந்த வருடம் வசந்தத்தில் அணியின் குதிரைச் சிப்பாய் ஒருவர் பன்றி இறைச்சியும் ஊறுகாய்க் கோசும் நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு இடம். பன்னிரண்டு பேர் பயிற்சித் திடலில் கூடினார்கள்.

சோதனை எளியது. ஐந்து அம்பு. இலக்கில் பட்டால் பக்கத்தில் நிற்பவன் முரசை ஒரு தட்டு தட்டுவான். முரசு ஒலித்தால் துக்தான் ஒரு கோடு போடுவார். நதன்ஜுவின் பால்ய நண்பன் உர்குன் முதலில் போனான். அவன் விட்ட நாலு அம்பும் வானத்தைப் பார்த்துக்கொண்டே போயின. ஐந்தாவது அம்பு நேராக முரசில் பாய்ந்தது. முரசு ஒலித்தது. துக்தான் ஒரு கோடு போட்டார். முரசடிப்பவன் பதறிக்கொண்டு வந்து நடந்ததைச் சொன்னான். ஒலி கேட்டால் கோடு போடச் சொல்லித்தான் விதி இருக்கிறது, ஒலி எப்படி வந்தது என்று விசாரிக்கச் சொல்லி விதி இல்லை என்று அணித்தலைவர் ஜலாங்கா தீர்ப்பளித்தார். முரசு கிழிந்துபோனதால் அதற்குப் பிறகு அந்த ஆள் வாயாலேயே 'தும்' என்று சொல்லவேண்டியதாயிற்று.

நதன்ஜுவுக்கு நாலு 'தும்' கிடைத்தது. அடுத்தபடியாக வந்தவனுக்கு இரண்டு. இடம் நதன்ஜுவுக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. உர்குனே வந்து தோளில் தட்டினான்.

பதிவு மேசையில் துக்தான் தலை நிமிராமல், பேரையும் வயதையும் முறைப்படி மஞ்சு மொழியில் சொல்லச் சொன்னார். நதன்ஜு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நதன்ஜு. ஒரின்ஜுவெ" என்றான். எழுபது, இருபத்திரண்டு. துக்தானின் காதில் இரண்டு சொற்கள் விழுந்தன. படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. அந்த வருடம் படிவத்தை மாற்றியிருந்தார்கள், வயதுக்கான கட்டம் முதலில் வந்திருந்தது. துக்தான் முதல் சொல்லை முதல் கட்டத்திலும் இரண்டாவது சொல்லை இரண்டாவது கட்டத்திலும் எழுதி மை காய ஊதினார். அணித்தலைவர் படித்துப் பார்க்காமலே முத்திரை குத்தினார்.

இப்படியாக, இருபத்திரண்டு என்னும் பெயருடைய எழுபது வயது மனிதர் ஒருவர் பேரரசரின் படையில் சேர்ந்தார்.

முதல் இருபது நாள் நதன்ஜுவுக்கு இது தெரியாது. வடக்கு வாசலில் காவல் நின்றான். நியோரொன் அந்தப் பக்கம் காரணமில்லாமல் இரண்டு முறை வந்து போனாள். சிரென்தாய் நல்ல நாள் பார்க்க ஆரம்பித்தார்.

இருபத்தோராம் நாள் காலையில் அணித்தலைவரும் துக்தானும் அவன் வீட்டுக்கே வந்தார்கள். அணித்தலைவர் ஒரு சிப்பாயின் வீட்டு வாசலை மிதிப்பது சாமானியம் இல்லை. அம்மா அவசரமாகத் தேநீர் வைத்தாள். ஜலாங்கா அதைத் தொடாமல், அடியில் நெருப்பு மூட்டிப் படுக்கும் சூடுமேடையின் விளிம்பில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். பதிவேட்டுப் பிரதி தளபதி அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. தலைநகரிலிருந்து, உங்கள் ஆட்களுக்கு வில் பிடிக்கத் தெரியவில்லை என்று தளபதிக்கு அடுத்தடுத்துத் திட்டு வந்துகொண்டிருந்த நேரம். எழுபது வயதில் ஆறாம் எண் வில்லை வளைத்து நாலு அம்பு பதித்த ஒரு வீரர் தம்மிடம் இருப்பதைக் கண்டதும் அவர் ஆனந்தக் கண்ணீர் விட்டிருக்கிறார். அன்றே பேரரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்பிவிட்டார். இப்போது பதிலும் வந்துவிட்டது. ஒரு பட்டுத்துணிச் சுருளும் ஒரு பாராட்டுப் பலகையும் எடுத்துக்கொண்டு பரிசோதகர் ஒருவர் புறப்பட்டுவிட்டார்.

"தப்பா எழுதிட்டோம்னு சொல்லிடலாமே" என்றான் நதன்ஜு.

"யாருக்குச் சொல்றது? பேரரசரோட முத்திரை விழுந்துடுச்சு. இப்ப தப்புன்னு சொன்னா, பேரரசரை ஏமாத்தினதா ஆகும். துக்தான் தலை போகும், என் தலை போகும், உன் தலை எழுபது வயசோ இருபது வயசோ, அதுவும் போகும்." ஜலாங்கா எழுந்து நின்று, அவனை ஒரு மாதிரி பார்த்து, கொஞ்சம் குனிந்தார். "அதனால இன்னிலேருந்து நீங்க பெரியவர். வெளியில பார்த்தா 'வாங்க ஐயா'ன்னுதான் பேசுவேன். கோவிச்சுக்காதீங்க."

துக்தானுக்கு வேறு கவலை இருந்தது. எழுபது வயதுக்காரரின் வீட்டில் நாற்பத்தைந்து வயதுத் தாய் எப்படி இருக்க முடியும் என்று யோசித்து, அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார். அம்மாவைப் பெரியவரின் விதவை மகள் என்று எழுதிவிட்டால் கணக்கு சரியாக வரும்.

அம்மா தேநீர்க் கோப்பையை அவருக்கு முன்னாலிருந்து எடுத்துவிட்டாள். "ஒரு ராத்திரி ஒரு பகல் வலிச்சுப் பெத்தேன் இவனை. இப்ப நான் இவனுக்குப் பொண்ணா? சரி, எழுதிக்கோ. அப்பான்னா பொண்ணைக் காப்பாத்தணும். மொதல்ல போய்த் தண்ணி இறைச்சுட்டு வரச் சொல்லு."

நதன்ஜு தண்ணீர் இறைக்கப் போனான். கிணற்றடியில் எண்பத்தொன்று அவனைப் பார்த்துச் சிரித்தான். செய்தி அதற்குள் கோட்டை முழுவதும் பரவியிருந்தது. ஆனால் யாரும் வெளியே சொல்லவில்லை. பாராட்டுப் பலகை வந்தால் தங்கள் அணிக்குத்தான் பெருமை என்று எல்லாரும் எப்படியோ நினைத்துக்கொண்டார்கள்.

பரிசோதகர் வந்த நாள் நல்ல வெயில். ஜலாங்கா நாடகக்காரர்களிடம் ஒரு வெள்ளைத் தாடி இரவல் வாங்கியிருந்தார். போர்த் தளபதி வேடத்துக்கு வைப்பது, தொப்புள் வரை வரும், காதில் கம்பி மாட்டிக்கொள்ளவேண்டும். ஜலாங்காவின் மனைவி, அங்கே ஆண்களெல்லாம் பின்னித் தொங்கவிடுவதுபோல நதன்ஜுவும் போட்டிருந்த சடையில் மாவைத் தடவிப் புருவத்தில் சாம்பல் பூசினாள். மேடைக்குப் போகும் வழியில் வியர்த்து, மாவு பிசைந்த பதத்துக்கு வந்துவிட்டது. கட்டியிருந்த குதிரை ஒன்று அவன் பின்னாலேயே கழுத்தை நீட்டிச் சடையின் நுனியை நக்கியது. அவன் குனிந்த முதுகோடு, உர்குனின் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நடந்தான். உர்குனுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. பார்த்தவர்கள், பெரியவர்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்திருப்பார்கள்.

பரிசோதகர் புகைக் கண்ணாடி அணிந்த மெலிந்த மனிதர். தளபதி அவர் பக்கத்தில் பெருமையோடு உட்கார்ந்திருந்தார். பரிசோதகர் அன்போடு விசாரித்தார். பற்கள் எல்லாம் இருக்கின்றனவா, தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று. நதன்ஜு குரலைக் கனக்க வைத்துக்கொண்டு, தினைக்கஞ்சி என்றான். பிறகு வில்லை எடுத்துக்கொடுத்தார்கள்.

அவனுக்கு மனசுக்குள் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தாடி இருக்கட்டும், மாவு இருக்கட்டும், அம்பு நடுவில் பட வேண்டும். நான்கு வருடம் உழைத்தது அவன்தான், கிழவர் இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்து, நாணைக் காது வரை இழுத்தான். திடலில் ஒரு வியப்பொலி எழுந்தது. விட்டான்.

நாண் தாடியைக் கவ்விக்கொண்டது. காதுக் கம்பிகள் இரண்டும் ஒரே சமயத்தில் விடுபட்டன. அம்பின் வால்பக்கம் சிக்கிய தாடி அதோடு கிளம்பி, ஏதோ நீண்ட வால் பறவைபோல அலைந்து அலைந்து திடலின் குறுக்கே பறந்தது. இலக்குக்குப் பத்தடி முன்னால் தரையில் இறங்கி, இரண்டு முறை துடித்துவிட்டு அடங்கியது. முரசடிப்பவன் பழக்கதோஷத்தில் 'தும்' என்றான்.

நதன்ஜு மழுமழுவென்ற முகத்தோடு நின்றான். தளபதியின் முகம் சாம்பலாகிவிட்டது. ஜலாங்கா முழங்காலிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார், எடுக்கவில்லை.

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். திரும்பக் கழற்றி, உறையில் வைத்துவிட்டார். அவருடைய அறிக்கை வரும் வழியிலேயே எழுதி முடிந்திருந்தது. அதை மாற்றவேண்டுமென்றால் தலைநகரில் ஆறு அலுவலகங்களின் முத்திரைகளைத் திரும்ப வாங்கவேண்டும்.

"பதிவேட்டுல வயசு என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

தரையிலிருந்து ஜலாங்காவின் குரல் வந்தது. "எழுபதுங்க."

"அப்ப எழுபதுதான். தாடி வச்சுக்கறதும் எடுக்கறதும் அவரவர் இஷ்டம். வயசு அரசாங்கத்தோட விஷயம்."

பட்டுத்துணியை நதன்ஜுவின் கையில் கொடுத்தார்கள். பலகையில் 'முதுமையறியாப் புலி' என்று பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. நான்கு பேர் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக் கூரைக்குக் கீழே மாட்டினார்கள். அது வாசலைவிட அகலமாக இருந்ததால் அதற்குப் பிறகு கதவு பாதிதான் திறந்தது.

பரிசோதகர் புறப்படும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். எழுபது நிறைந்த வீரருக்கு ஓய்வு கொடுத்து, வீட்டிலிருந்தபடியே பாதித் தானியம் வழங்கவேண்டும் என்பது விதி. அதை உடனே நிறைவேற்றவேண்டும். ஆக, படையில் சேர்ந்து நாற்பத்தோராம் நாள் நதன்ஜு ஓய்வு பெற்றான்.

அவன் விடவில்லை. தன் இடமே இப்போது காலியாக இருக்கிறதே, மறுபடி சோதனைக்கு நிற்கிறேன் என்று துக்தானிடம் போனான். துக்தான் மிகுந்த அனுதாபத்தோடு வேலையில்லா இளைஞர்களின் பட்டியலைப் புரட்டினார். நதன்ஜு என்ற பெயர் அதில் அடிக்கப்பட்டு, 'படையில் சேர்ந்துவிட்டான்' என்று குறித்திருந்தது. படைப் பட்டியலிலோ நதன்ஜு என்று யாரும் இல்லை. இருபத்திரண்டு என்ற கிழவர்தான் இருந்தார்.

"அப்ப நான் யாரு?" என்றான்.

"அதைத்தான் நானும் மூணு நாளா தேடறேன், தம்பி" என்றார் துக்தான். உடனே சுதாரித்துக்கொண்டு, "மன்னிக்கணும், ஐயா" என்றார்.

சோதனை நடந்தது. முரசுக்குப் புதுத்தோல் போட்டிருந்தார்கள். உர்குன் அதில் இரண்டு முறை அடித்து, குதிரைச் சிப்பாய் ஆனான்.

நதன்ஜு மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நாலாவது நாள் நியோரொன் வந்தாள். நிச்சயமான பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு இப்படித் தானாக வரும் வழக்கம் இல்லை. பாதி திறந்த கதவில் பக்கவாட்டாக நுழைந்து, சூடுமேடையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவனின் முதுகுப் பக்கம் நின்றாள். அவளுடைய அப்பா கல்யாண அனுமதி கேட்டு மனு எழுதியிருந்தார். எழுபது வயதுக்காரருக்குப் பத்தொன்பது வயதுப் பெண்ணா என்று தளபதி அலுவலகத்தில் முதலில் தயங்கியிருக்கிறார்கள். பிறகு ஜலாங்கா போய், மனைவியில்லாத முதிய வீரரைக் கடைசிக் காலத்தில் கவனித்துக்கொள்ள ஒரு பெண் முன்வந்திருக்கிறாள், இது பெரிய தருமம் என்று பேசி, அனுமதி வாங்கிவிட்டார். அவளுக்கே பாராட்டுக் கடிதம் ஒன்று வந்திருந்தது. அதை அவன்மேல் போட்டாள்.

"ஊரெல்லாம் என்னைத் தியாகின்னு சொல்லுது" என்றாள். "எழுந்திரு. கெழவன்னு சாக்குச் சொல்லி விறகு வெட்டாம இருக்கலாம்னு நெனைக்காதே. வாசலைத் தாண்டினா நீ எழுபது. உள்ள வந்தா இருபத்திரண்டு. இது நான் போடற விதி."

அவன் எழுந்தான். இத்தனை நாட்களில் முதல் முறையாக யாரோ அவன் வயதைச் சரியாகச் சொன்னார்கள் என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் குதிரையிலிருந்து இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். தளபதி அலுவலகத்து ஆட்கள் விருந்துக்கு வந்திருந்ததால் வேறு வழியில்லை. அவனைக் கிழவர்களோடு உட்காரவைத்து, மெல்லுவதற்கு எளிதாக நசுக்கிய கொழுப்பு இறைச்சியைப் பரிமாறினார்கள். சிரென்தாய் தன் மருமகனைவிட இருபத்தைந்து வயது சின்னவர் என்ற முறையில் அவனுக்கு முழங்கால் மடக்கி வணக்கம் சொன்னார். சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெரியவருக்கு எழுபத்திரண்டில் வாரிசு என்று தளபதி மறுபடி தலைநகருக்கு எழுதினார். அது மங்கலச் சகுனம் என்று பதில் வந்தது, இன்னொரு பட்டுச்சுருளோடு. நதன்ஜு ஒரு வழியாகப் பழகியிருந்தான். காலையில் தடியை ஊன்றிக்கொண்டு தெருவில் நடப்பான், மதிலுக்குப் பின்னால் போனதும் தடியைப் புதரில் போட்டுவிட்டு வில்லை எடுப்பான்.

அடுத்த வருடம் ஜப்பான்காரனோடு சண்டை மூண்டது. கோட்டையிலிருந்து அறுபது பேரைக் கிழக்கே அனுப்ப உத்தரவு வந்தது. நதன்ஜு தடி இல்லாமலே அணித்தலைவர் வீட்டுக்கு ஓடினான். என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள், போகிற அறுபது பேரில் இலக்கைப் பார்த்து அடிக்கத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை என்று மன்றாடினான். ஜலாங்காவுக்கும் அது தெரியும். மூன்று வருடத்தில் முதல் முறையாக அவர் மரியாதையை விட்டுவிட்டுப் பேசினார்.

"நீ ஒருத்தன்தான்டா எங்கிட்ட இருக்கற சிப்பாய். எனக்குத் தெரியாதா? ஆனா எழுபத்திமூணு வயசுக் கெழவரைச் சண்டைக்கு அனுப்பினேன்னு பேர் வந்தா, நாட்டுல ஆளே இல்லைன்னு ஊர் சிரிக்கும். வீட்டுக்குப் போ."

வீட்டுக்குப் போகவும் விடவில்லை. படை புறப்படும்போது முதியோர் வரிசையில் உட்கார்ந்து ஆசி வழங்கவேண்டும் என்று உட்காரவைத்தார்கள். அவனுக்கு இரண்டு பக்கமும் உண்மையான கிழவர்கள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். அறுபது பேர் வாசலைக் கடந்தார்கள். வில்லுக்குப் பதில் துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். உர்குன் துப்பாக்கியைக் குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். முறைப்படி நதன்ஜுவின் முன்னால் ஒரு முழங்காலை மடக்கினான்.

"பெரியவரே, ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டு, குனிந்தவாக்கில் மெதுவாக, "டேய், இதுல எந்தப் பக்கம் குண்டு போடறதுன்னே இன்னும் சொல்லித் தரலைடா" என்றான்.

நதன்ஜுவுக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது. "சுடும்போது கண்ணை மூடாதே" என்றான்.

அவர்கள் போனது இலையுதிர் காலத்தில். நதன்ஜு குளிர்காலம் முழுவதும் அம்பு விடவில்லை. உர்குனின் வீட்டுக்கு விறகு வெட்டிக்கொடுத்தான், கூரைப் பனியைத் தள்ளிவிட்டான். தெருவில் போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று நிமிர்ந்தே நின்று செய்தான். யாரும் கேட்கவில்லை.

அறுபது பேரில் முப்பத்தேழு பேர் மறு வசந்தத்தில் திரும்பி வந்தார்கள். உர்குன் வந்தான். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. குண்டால் போகவில்லை, பனியில் விறைத்துப் போனவை. அவர்கள் போய்ச்சேர்வதற்குள் முன்னால் இருந்த படை பின்வாங்கியிருந்தது. இவர்களும் கூடவே பின்வாங்கினார்கள், குளிர்காலம் முழுவதும் பின்வாங்கிக்கொண்டே இருந்தார்கள். கொடுத்த தோட்டாக்கள் துப்பாக்கிக்குள் நுழையவே இல்லை. எல்லாவற்றையும் உர்குன் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னான்.

நியோரொன் அவனைச் சாப்பிட உட்காரவைத்து, வேகவைத்த பன்றி இறைச்சியைத் தட்டோடு கொண்டுவந்து வைத்தாள். அவன் இடது கையால் சாப்பாட்டுக் குச்சிகளைப் பிடிக்கப் பார்த்தான். அவை மேசையில் விழுந்தன. மறுபடி எடுத்தான், மறுபடி விழுந்தன. குழந்தை அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டியது.

நதன்ஜு தன் கத்தியை எடுத்து, இறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றாக உர்குனின் கிண்ணத்தில் போட்டான். உர்குன் கிண்ணத்தை வாயில் வைத்துச் சாப்பிட்டான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு உர்குன் போதும் என்றான். நதன்ஜு கேட்காததுபோல இன்னொரு துண்டை வெட்ட ஆரம்பித்தான்.